அண்ணன் பிடித்த டாக்டர்

அண்ணனுக்குத் தெரியாத டாக்டர் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. தங்கைக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்த அன்றே, "கதிர்வீச்சுக்கு நம்பர் ஒன் ஆளை நான் பிடிச்சுத் தரேன், நீ அலையாதே" என்று நெஞ்சைத் தட்டினார்.

இரண்டு மாதம், "நம்ம ஆளு மாநாட்டுக்கு வெளிநாடு போயிருக்கார்மா" என்றே ஓட்டினார். பொறுத்துப் பார்த்த தங்கை பொது மருத்துவமனையில் தானே வரிசையில் நின்று கதிர்வீச்சு நிபுணரைப் பார்த்தாள். அண்ணனும் கூடப் போனார்.

நிபுணர் ஃபைலைப் புரட்டினார். "இனி ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது. ஏம்மா இவ்வளவு தாமதம்?"

"எங்கண்ணன் ராத்திரி பகலா அலைஞ்சார் டாக்டர். அவரைத் திட்டாதீங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இரண்டு மாதத்தில் அவர் போய்ப் பார்த்த ஒரே டாக்டர், முடி கொட்டுவதற்கு மருந்து தருபவர்.