மஞ்சள்காரிக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

சனிக்கிழமை என்றாலே பழைய இசைத்தட்டுக் கடைக்காரருக்குக் கடையை மூடிவிட்டு ஓடிவிடலாம் போலிருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அவர் கடை. இரும்புப் படிகளில் செருப்புச் சத்தம் டக் டக்கென்று வேகமாகக் கேட்டால் அது எக்ஸ்ரே அக்கா. நின்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டால் அது லிஃப்ட் மெக்கானிக்.

அக்கா பல் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவர். மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் வேண்டியது ஒரே இசைத்தட்டு. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த நால்வர் குழு, கலைந்துபோகும் முன் வெளியிட்ட ஒரே ஒரு தட்டு. அதன் உறையில் மஞ்சள் உடுப்பு போட்ட ஒரு பெண், கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி மாடிப்படி ஏறிப் போவாள். முதுகு மட்டும்தான் தெரியும். யாரோ தூரிகையால் ஆசையாக வரைந்த படம். கடையில் அவளுக்கு மஞ்சள்காரி என்று பெயர்.

உறை அக்காவிடம் இருந்தது. உள்ளே தட்டு இல்லை. தட்டு மெக்கானிக்கிடம் இருந்தது. பழுப்புக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்.

“தட்டு கிடைச்சுதா அண்ணே?” என்று காலையில் அக்கா வருவார். “கவர் கிடைச்சுதா தம்பி?” என்று சாயங்காலம் மெக்கானிக் வருவார்.

முதலில் கடைக்காரர், உறையும் தட்டும் ஜோடி சேர்ந்துவிடும் என்று, கல்யாணம் முடித்துவைத்த மாதிரியே சந்தோஷப்பட்டார். இவரிடம் அவரைப் பற்றிச் சொன்னார், அவரிடம் இவரைப் பற்றிச் சொன்னார்.

“நான் ஏன் கவரைக் குடுக்கணும்? அவர் தட்டைக் குடுக்கட்டும்” என்றார் அக்கா.

“பாட்டு இல்லாட்டி அது வெறும் அட்டை. அட்டைக்கு இவ்ளோ பிகுவா?” என்றார் மெக்கானிக்.

கடைக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த ‘அட்டை’யை அப்படியே அக்காவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றோடு சமாதானப் பேச்சுக்கு வழியில்லாமல் போயிற்று.

அப்புறம் ஒருநாள், மூடிவிட்ட கேளிக்கை மன்றம் ஒன்றிலிருந்து வந்த பெட்டிகளில் மஞ்சள்காரி முழுசாகக் கிடைத்தாள். உறையும் இருந்தது, தட்டும் இருந்தது. கடைக்காரருக்கு உயிர் வந்தது. கணக்கு அவ்வளவு எளிது: தட்டு அக்காவுக்கு, உறை மெக்கானிக்குக்கு. ஆளுக்கொரு ஜோடி ஆகிவிடும். இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னார். அவரவர் கையில் இருப்பதையும் கொண்டுவரச் சொன்னார்.

அக்கா புது உறையை எடுத்து, வேலைப் பழக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“எவ்ளோ சுத்தமா இருக்கு! என்னுதுல டீ கிளாஸ் வச்ச வட்டம் இருக்கே. இது எனக்கு. அந்தப் பழசை சாருக்குக் குடுத்துடுங்க.”

“ஏம்மா, நான் என்ன கழிச்சுக் கட்டினதை வாங்கிக்கவா வந்தேன்?” என்ற மெக்கானிக், பெட்டியில் வந்த தட்டைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது பாட்டில் ஊசி லேசாகத் துள்ளியது. “கீறல். இது அந்தம்மாவுக்கே இருக்கட்டும்.”

“கீறல் விழுந்த தட்டு எனக்கு எதுக்கு?”

தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி சாதாரணமாகத்தான் கேட்டார். “அக்கா, உங்க வீட்ல என்ன பிளேயர் வச்சிருக்கீங்க?”

“பிளேயரா? என்கிட்ட ஏது? நான் கவரைச் சுவத்துல மாட்டி வைக்கிறவ.”

“சார், நீங்க கவரையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?”

“கட்டிலுக்கு அடியில. அதையெல்லாம் யாரு பாத்துட்டிருக்கிறது?”

கடைக்காரருக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்ததோ, கீழே கண்ணாடிக் கடையில் கண் சோதனை செய்துகொண்டிருந்தவர்கள்கூட எழுத்தை மறந்து மேலே பார்த்தார்களாம்.

“உங்களுக்குப் பாட்டு வேணாம்! இவருக்குப் படம் வேணாம்! அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்து என் உயிரை எடுக்கிறீங்க?”

மெக்கானிக்கின் முகம் சிவந்தது.

“ஒரு பொம்பளைகிட்ட பேசுற பேச்சா தம்பி இது?”

“வயசுல பெரியவர்னு ஒரு மரியாதை வேணாமா அண்ணே?” என்றார் அக்கா.

இருவரும் சேர்ந்தே படியிறங்கினார்கள். ஜன்னல் வழியே கடைக்காரர் பார்த்தார். தெருவில் நின்று, மேலே கையைக் காட்டிக் காட்டி, ஒரே குரலில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வந்த ரெண்டு பேரையும் விரட்டியாச்சு. திருப்தியா?” என்றார் மனைவி.

அடுத்த சனிக்கிழமை கடை அமைதியாக இருந்தது. அதை அவரால் மத்தியானம் வரைதான் ரசிக்க முடிந்தது. அப்புறம் யார் படியேறினாலும் எட்டிப் பார்த்தார். “இருந்தாலும் தொல்லை, இல்லாட்டியும் தொல்லை” என்று முனகினார்.

அதற்கடுத்த வாரம் இரண்டு செருப்புச் சத்தமும் சேர்ந்தே கேட்டன.

“நாங்க பேசி முடிச்சுட்டோம்” என்றார் மெக்கானிக். “சுத்தமான கவர், கீறல் இல்லாத என் தட்டு. ரெண்டையும் சேத்து ஒரு நல்ல செட். விலையை ஆளுக்குப் பாதி போடுறோம். டீ வட்டமும் கீறலும் உங்களுக்கே.”

“எனக்கு எதுக்குங்க அது?”

“கடை வச்சிருக்கீங்களே, வித்துக்குங்க” என்றார் அக்கா. “ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. நல்ல செட் முதல்ல யார் வீட்ல இருக்கணும்? எங்களுக்குள்ள ஒத்துவரல. நீங்களே சொல்லிடுங்க அண்ணே.”

கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“இங்கயே இருக்கட்டுமே” என்றார் மனைவி. “சனிக்கிழமை வாங்க. சார் கேக்கட்டும், அக்கா பாக்கட்டும்.”

வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். மனைவியைக் கடைக்காரர் முறைத்த முறைப்பில் அவர் எரிந்துபோயிருக்க வேண்டும். அவரோ சிரித்துக்கொண்டே ஸ்டூல்களை எடுத்துப் போட்டார்.

தட்டு சுழல ஆரம்பித்தது. அக்கா உறையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது பாட்டு வருவதற்குள் நிமிர்ந்தார்.

“அண்ணே, இங்க வெளிச்சமே பத்தல. அந்த அலமாரியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்.”

“அலமாரியை நகத்தினா சத்தம் எதிரொலிக்கும், தம்பி. நீங்க ஸ்பீக்கரைத் திருப்புங்க” என்றார் மெக்கானிக்.

கடைக்காரர் யாரையும் பார்க்காமல் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தார்.