நீல நிறத்துக்கு ஒரு நியாயம்

1

பிரிட்டன் மக்களே, தேநீர்க் கோப்பையைச் சற்றுக் கீழே வையுங்கள். தேசத்துக்கு ஆபத்து. ஓல்டம் நகரின் சரிவுத் தெரு ஒன்றில், நடக்க முடியாத பெண்ணொருத்தி ஜெர்மன் காரில் போய்வருகிறாள்.

கதை பிறந்த இடம் குப்பைத் தொட்டி. அந்தப் பெண்ணின் பக்கத்து வீட்டு பெரில், சக்கரம் வைத்த அந்தத் தொட்டியை உருட்டிக்கொண்டே, காரில் ஏறிக்கொண்டிருந்த அவளை, அதாவது கிளெனிஸைப் பார்த்து, "சிலருக்குக் குடுத்து வச்சிருக்கு, செல்லம்" என்றாள். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் செல்லம். குத்துவதானாலும் செல்லம் சொல்லித்தான் குத்துவார்கள்.

எதிர்வீட்டில் இருக்கும் நான் அதைக் கேட்டேன். அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

"அந்தக் காரின் இருக்கை உயரம் ஒன்றுதான் கிளெனிஸின் இடுப்புக்குத் தோதானது. வேறு எதில் ஏறினாலும் யாராவது அவளைத் தூக்கி..."

இங்கேயே நிறுத்திவிட்டேன். காரணம், வாசித்துக் காட்டியபோது கிளெனிஸ் சிரித்த சிரிப்பு.

"இருக்கை உயரமா? யாரு சொன்னா உனக்கு? அந்த நீலம் எனக்குப் புடிச்சிருந்துது. அவ்ளோதான்."

"அப்படி எழுதினா வாசகர் யாரும் உன் பக்கம் நிக்கமாட்டாங்க, கிளெனிஸ்."

"நானே நிக்கறதில்ல. அவங்க ஏன் நிக்கணும்?"

[நடக்க முடியாதவர்களுக்கு அரசு தரும் நடமாட்டப் படியை விட்டுக்கொடுத்தால் கார் வாடகைக்குக் கிடைக்கும். ஆடம்பரக் காரென்றால் மிச்சத்தை நாமே போடவேண்டும். நடக்க முடிந்த காலத்தில் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் தட்டுக் கழுவிச் சேர்த்ததை கிளெனிஸ் போட்டாள். பெரிலின் மருமகன் கப்பல்போல ஒன்று வாங்கியபோது இருக்கை உயரத்தை யாரும் விசாரிக்கவில்லை. நானும்தான்.]

இப்போது அந்த வகை ஆடம்பரக் கார்களை வாடகைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவள் காரின் வாடகைக் காலம் முடிகிறது. நீலம் திரும்பிப் போகிறது.

3

கிளெனிஸின் கணவர் நாரிஸ்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், அதிர்ந்து பேசாதவர். கதைக்கு ஆகமாட்டார் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். ஆனால் அரசுப் பணத்தில் ஆடம்பரமா என்று பத்திரிகைகள் அந்தக் கார்களைப் பற்றி எழுத ஆரம்பித்ததும் மனிதர் ஒரு காரியம் செய்தார். காரை வீட்டு வாசலில் நிறுத்தாமல், தெருமுனை தாண்டித் தேவாலயத்தின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பெரிலின் கண்ணில் படக்கூடாதாம். நடக்க முடியாதவளுக்கென்று வந்த கார். அதில் ஏற அவளை மழையில், கருங்கல் பாவிய சரிவில், சக்கர நாற்காலி குலுங்கக் குலுங்கத் தள்ளிக்கொண்டு போனார். இப்படி வெட்கப்பட எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

நேற்று பாதிவழியில் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. குடையோடு உதவப் போன என் காதில் விழுந்தது:

"நாரிஸ், ஒண்ணு கேக்கவா?"

"கேளு, செல்லம்."

"நீ ஒளிச்சு வெக்கறது காரையா, என்னையா?"

அவர் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். அது காதுவரை இறங்கியது.

"லூசு மாதிரி இருக்கு" என்றாள்.

"எப்பவும் இருக்கறதுதானே" என்றார்.

பிறகு அவளை என்னிடம் விட்டுவிட்டு ஓடினார். அறுபத்தெட்டு வயதில், பேருந்தைத் தவறவிட்டவர்போல. காரைக் கொண்டுவந்து நடுத்தெருவில் நிறுத்தி, பெரிலின் ஜன்னல் திரை அசையும்வரை ஹாரனை அமுக்கினார்.

4

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

பெரில் கேக்கோடு வந்து மன்னிப்புக் கேட்கிறாள். (எனக்கே நம்பிக்கையில்லை.)

அரசு மனம்மாறி நீலத்தை... (வேண்டாம்.)

வெள்ளிக்கிழமை காலை காரை எடுத்துப்போக ஆள் வருகிறான். அதற்குமுன் இருவரும் எங்கும் போகாமல், வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்து, பிளாஸ்கில் தேநீர் குடிக்கிறார்கள். அவள் தலையில் அவர் தொப்பி.

இந்த மூன்றில் கிளெனிஸ் எதற்குத் தகுதியானவள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எழுதிப் பார்த்துவிட்டேன், அது என் வேலையில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கழிந்து புதிதாக வந்தது சாம்பல் நிறச் சின்னக் கார். அதைப் பார்த்தும் பெரில், "சிலருக்குக் குடுத்து வச்சிருக்கு, செல்லம்" என்றாள்.