எண்பத்தேழாவது வீடு

பல் டாக்டர் தன் கிளினிக்கில் நாலு பேரைச் சேர்த்துத் தொடங்கிய பேண்டு அது. முப்பது வருஷத்தில் நாற்பது பேராகிவிட்டார்கள். நர்ஸம்மா கிளாரினெட், பேக்கரிக்காரர் டிராம்போன், பஸ் டிரைவர் டிரம். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஒத்திகைக்கு வராவிட்டால் திட்டு மட்டும் உண்டு. தபால்காரர் முதல் நாளிலிருந்தே சிம்பல். கிளினிக்கில் அந்தப் பெரிய தட்டுகளை விரிக்க இடமில்லாமல் குச்சி வீசி நடத்தும் டாக்டருக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் எதிரே நிறுத்தினார்கள். மேடைக்கு வந்த பிறகும் அதே இடம்தான். பட்டப்பெயர் ஜால்ரா. ஆயுசில் யாருக்கும் ஜால்ரா போடாத மனிதருக்கு இப்படியொரு பெயர்.

எந்தக் கச்சேரியையும் ஒரே மெட்டில்தான் முடிப்பார்கள். அதில் அவர் எண்பத்தாறு தாளச் சுற்று சும்மா நிற்க வேண்டும். எண்பத்தேழாவதில் ஒரே ஒரு அடி. சுற்றுக்கு ஒரு வீடாகத் தன் பழைய தபால் தெருவை மனசுக்குள் நடந்தே எண்ணுவார்; வீட்டுக்கு வீடு தலை தானாக அசையும். நாற்பதில் கடிக்கிற நாய், எண்பத்து நாலில் பச்சைக் கதவு. அங்கே வந்ததும் தட்டுகளை உயர்த்துவார்.

"ஒரே ஒரு அடிக்கு முப்பது வருஷமா சட்டைய இஸ்திரி போடுறேன்," என்று மனைவி கிண்டலாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பதாம் ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு தட்டுகளை டாக்டரிடம் கொடுத்துவிட்டார்.

"நான் இல்லேன்னா ஒண்ணும் குடிமுழுகிடாது டாக்டர். அந்த ஒரு அடிய டிரைவரே அடிச்சுக்குவாரு."

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், மனுஷன் மசியவில்லை.

விழாவில் மனைவியோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். கடைசி மெட்டு தொடங்கியதும் மனசு தானாகத் தெருவில் இறங்கிவிட்டது. எழுபதாவது வீட்டருகே டிராம்போன் முந்திக்கொண்டது, கிளாரினெட் தடுமாறியது, ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். டாக்டர் குச்சியை வீசிக்கொண்டுதான் இருந்தார். அத்தனை பேரும் அவருக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தையே பார்த்தார்கள். முப்பது வருஷமாக இந்தப் பாவிகளில் ஒருவர்கூட எண்ணவில்லை என்பது தபால்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

பச்சைக் கதவு வந்தது. எழுந்து நின்று வெறுங்கைகளை உயர்த்தினார்.

"உக்காருங்க சார், மறைக்குது," என்றார் பின்னாலிருந்தவர்.

நர்ஸம்மா பார்த்துவிட்டாள். பக்கத்து ஆளை இடித்தாள். சிதறிக் கிடந்த வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. எண்பத்தேழில் அவர் கையைத் தட்ட, அதே நொடியில் டிரைவரின் தட்டுகள் அதிர்ந்தன.

உட்கார்ந்தபோது அவருக்குக் கண் நிறைந்திருந்தது.

"அடுத்த ஒத்திகை என்னைக்குங்க?" என்றாள் மனைவி. "சட்டைய இஸ்திரி போட்டு வைக்கிறேன்."