டப்பாவோடு அடக்கம்

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அக்பர் அலியின் கையில் கொடுத்து, "பாண்டிச்சேரி லேபுல குடுத்துடுங்க" என்றாள். எதற்கென்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மருந்துத் தண்ணீருக்குள் அவர் மனைவி காசிம் பீவியின் கருப்பை கிடந்தது. மூன்று பிள்ளைகள் குடியிருந்த இடத்தில் இப்போது புற்று.

அது இரண்டாயிரத்து இருபது டிசம்பர். இருபது சதவீத இடஒதுக்கீடு கேட்டு மறியல். அவர் ஏறிய பாண்டிச்சேரி பஸ் தியாகதுருகத்தில் நின்றுபோனது. சாலையில் உட்கார்ந்திருந்தவர்களில் வடக்கனந்தல் வீரமுத்துவும் ஒருவர். அக்பர் அலியின் இரும்புக்கடைக்கு இருபது வருஷத்து வாடிக்கை.

"ஆஸ்பத்திரி கேஸுனா வுடுவோம் பாய். நோயாளி எங்க?"

"கள்ளக்குறிச்சில படுத்துக்கினு இருக்கா. நோய் மட்டும்தான் இதுல இருக்கு."

வீரமுத்து டப்பாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நோயாளி வந்தா வுடச் சொல்லிருக்காங்க. நோய் தனியா வந்தா இன்னா பண்றதுன்னு சொல்லலியே."

அக்பர் அலி வீடு திரும்பினார். காசிம் பீவியின் தம்பி சுபுஹான் காத்திருந்தார். "உடம்புல இருந்து எடுத்தத மண்ணுக்குத்தான் குடுக்கணும் மச்சான். லேபுல பார்த்துட்டுக் குப்பையில கொட்டுவான். எங்க அக்கா உடம்பு அது."

"டாக்டரு கேட்டா?"

"அதான் எடுத்தாச்சே. எடுத்த பொறவு பாக்கறதுக்கு இன்னா இருக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலையே கபர்ஸ்தானில் ஓர் ஓரமாகக் குழி வெட்டினார்கள். திறந்து எடுக்க இருவருக்கும் தைரியம் வராததால் வெள்ளைத் துணி சுற்றி டப்பாவோடு அடக்கம் செய்தார்கள். பல நாளுக்குப் பிறகு அக்பர் அலி அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் சுபஸ்ரீ ரிப்போர்ட் கேட்டார்.

"அடக்கம் பண்ணிட்டோம்மா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கட்டியில் பி ஐம்பத்து மூன்று என்று ஒரு புரதம் இருக்கிறது, அது கெட்டிருந்தால் நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம். ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் இருந்தால் நல்ல சகுனம். இதையெல்லாம் பார்த்துத்தான் கதிர் சிகிச்சை வேண்டுமா, ஆபரேஷனே போதுமா என்று சொல்ல முடியும் என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் சோதனைக்குச் சுரண்டி எடுத்த துணுக்கு அதற்குப் போதாதாம்.

"அவ இன்னும் எவ்ளோ நாளு இருப்பான்றது அந்த டப்பாவுலயா இருந்துச்சி?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் ஐயா. மூடி இறுக்கமா இருந்தா இப்பவும் பார்க்கலாம்."

சுபுஹான் முடியாது என்றார். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி வீட்டுக்கே வந்து, அடக்கம் பண்ணியதைத் தோண்டுகிற பழக்கம் இங்கே இல்லை என்றார். கட்டிலில் இருந்த காசிம் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அடக்கம் பண்ணீங்களே, யார? நான் இங்க உக்காந்துக்கினு கஞ்சி குடிக்கிறேன்."

காசிம் பீவி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"டேய் சுபுஹான், அது என்னுது. நான் கேக்கறேன். போய் எடுத்தா."

சுபுஹானே போய்த் தோண்டினார். துணிதான் மக்கத் தொடங்கியிருந்தது; மூடி இறுக்கமாகவே இருந்தது. டப்பாவைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனது வீரமுத்துவின் பைக். வழியில் யாரும் நிறுத்தவில்லை.

புரதங்கள் எல்லாம் நல்லபடியாகவே இருந்தன. கதிர் வேண்டாம், இவரைப் போன்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்து வருஷம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள் என்றார் டாக்டர். அக்பர் அலி அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

"நாங்க இருபது கேட்டு ரோட்டுல உக்காந்தோம் பாய்" என்றார் வீரமுத்து. "உங்க வூட்டம்மா படுத்துக்கினே தொண்ணூறு வாங்கிட்டாங்க."

ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருந்த மாதங்கள் மிச்சமாயின. காசிம் பீவி ஒருநாள் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறி, அருவித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

மே மாதம் காசிம் பீவிக்குக் கொரோனா வந்தது. ஒன்பது நாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் உடலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைத் திறந்து காட்டவில்லை. இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தை அக்பர் அலி இரண்டு தடவை படித்தார். புற்று என்ற சொல் எங்கும் இல்லை. டாக்டர் சொன்னது எதுவும் பொய்யாகவில்லை.