மைத்துனனிடம் பங்கு வாங்காதவர்

வீட்டுக்குள்ளேயே ஒரு பங்குத் தரகர் இருக்கும்போது எவனாவது பேங்கில் போய்ப் பங்கு வாங்குவானா? மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாங்கப் போனார். அதுவும் மனைவிக்குத் தெரியாமல். தரகர் வேறு யாருமில்லை, மனைவியின் சொந்தத் தம்பி. விஷயம் தெரிந்தால் வீடு இரண்டுபட்டுவிடும்.

பேங்கில் கமிஷன் கூடுதல். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று எடுத்துச் சொல்லவும் ஆள் கிடையாது. மைத்துனனிடம் போனால் கமிஷனும் குறைவு, விவரமும் சொல்வான். தொழிலில் கெட்டிக்காரன், கை சுத்தம். இதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியாததில்லை. ஆனால் பங்கு என்றால் ஏறும், இறங்கும். பேங்கில் வாங்கியது இறங்கினால் பேங்க்காரனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மைத்துனன் வாங்கித் தந்தது இறங்கினால் யாரைத் திட்டுவது? கூடப்பிறந்தவர் யாருமில்லாத மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து எதிரே உட்கார்ந்து சீட்டுக்கட்டைக் கலைப்பதுதான் அவருக்கு வாரத்திலேயே நல்ல நேரம். அதில் மண் விழுந்துவிடக் கூடாதே என்று பயந்தார்.

அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அன்று மைத்துனன் கடைக்கே வந்துவிட்டான். கடைக்காரர் ஒரு கையில் லென்ஸும் மறு கையில் ஃபிரேமுமாக இருந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் போடு மாப்ளே" என்றார்.

"சார், பேங்க்லேர்ந்து பேசறேன். பங்கு வாங்கறதுக்கு நீங்க கேட்ட கணக்கு ரெடியாயிடுச்சு. இன்னிக்கே வாங்க ஆரம்பிக்கலாம்."

அந்தப் பெண்ணுக்குத்தான் என்ன கணீரென்ற குரல். அவள் போனை வைப்பதற்குள் கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதே மாப்ளே. உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல..." என்று மென்று விழுங்கினார்.

மைத்துனன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அப்பாடா" என்றான்.

"என்னடா அப்பாடா?"

"நீங்க என்கிட்ட வந்துடுவீங்களோன்னு எனக்கு ஒரே கவலையா இருந்துச்சு மாமா. 'மாமாவுக்கு நீதான் வாங்கித் தரணும்'னு அக்கா வேற ஒரே நச்சரிப்பு. பெரியப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துட்டு நான் பட்ட பாடு போதும். ஏறினா அவர் சாமர்த்தியம், இறங்கினா நான் கவுத்துட்டேன். இப்ப அங்க போனா உக்காருன்னுகூட யாரும் சொல்றதில்ல. எனக்குன்னு இருக்கறது உங்க வீடு ஒண்ணுதான்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொன்னா நீங்க தப்பா எடுத்துக்குவீங்கன்னு பயம்."

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவன் மூக்கின் மேலிருந்த கண்ணாடியை மறுபடி கவனித்தார். அது தன் கடைச் சரக்கில்லை என்று அவன் அதைப் போட்டுக்கொண்டு வந்த முதல் நாளே அவருக்குத் தெரியும். மனசு சுருக்கென்றது, ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. இன்று கேட்டுவிட்டார்.

"அது சரி, இந்தக் கண்ணாடியை எங்க வாங்கினே?"

அவன் அசடு வழிந்தான். "அடுத்த தெருவுல. உங்ககிட்ட வாங்கிட்டு, சரியில்லேன்னு உங்ககிட்டயே எப்படி மாமா வந்து சொல்றது?"

"சரியா இருக்கா?"

"எங்க இருக்கு? ஒரே தலைவலி. நேத்துதான் அவன்கிட்ட போய் நல்லா சண்டை போட்டுட்டு வந்தேன்."

"திருப்தியா போட்டியா?"

"ரொம்ப."

கடைக்காரர் கையை நீட்டினார். "கழட்டு. லென்ஸை அவனையே மாத்தித் தரச் சொல்லு. ஃபிரேம் கோணலா இருக்கு, அதை மட்டும் நான் நிமிர்த்தித் தரேன்."

அவன் கழற்றிக் கொடுத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். "ஞாயித்துக்கிழமை சீட்டு உண்டுல்ல?"

"லென்ஸை மாத்திட்டு வா. தோத்துட்டுக் கண்ணாடி மேல பழி போடக் கூடாது."