இன்னும் நேரம் ஆகவில்லை

அது ஷஃபான் மாதமா, அதற்கு முந்தியதா என்று ரிஸானாவுக்கு இப்போது உறுதியில்லை. வெளியே கரிவலம் பஸ்ஸின் ஹாரன் கேட்டதாக நினைவு. அது வேறொரு நாளாகக்கூட இருக்கலாம். சவூதியில் தம்மாமிலிருந்து சித்தீக் அண்ணன் பேசியது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

"ஏட்டி, நீ சொன்ன தேதி வந்துட்டு. பணத்தை எடுக்க அமுக்குதேன், அமுக்குதேன், 'நேரம் ஆகவில்லை'ன்னே வருது. ஹஜ்ஜுக்குப் பேரு வந்துட்டுன்னு உம்மா சங்கரன்கோயில் பூராச் சொல்லியாச்சு."

உம்மாவின் ஹஜ்ஜுக்கென்று சேர்த்த பணம் அது. முன்பு ஒருமுறை அப்படிச் சேர்த்ததைக் கூட்டாளியின் விசாவுக்குத் தூக்கிக் கொடுத்துத் தொலைத்தவன் சித்தீக். இம்முறை தன் கையே எட்டாத இடம் வேண்டுமென்று, பிளாக்செயின் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கையிடம் கேட்டான். "நான் அழுதாலும் தொறக்கக் கூடாது, பாத்துக்கோ." எழுதினால் அழிக்கவே முடியாத அந்தக் கணக்கேட்டில் அவள் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதினாள். பணத்துக்கு, குறித்த நேரம்வரை யாருக்கும் திறக்காத பூட்டு. மாற்றுச்சாவி வைக்கவில்லை, தனக்கும்கூட.

அந்தப் பூட்டுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. யாராவது தட்டினால், அந்தத் தட்டல் எந்த பிளாக்கில், அதாவது கணக்கேட்டின் எந்தப் பக்கத்தில், போய்ச் சேர்கிறதோ, அதன் தலையில் எழுதியிருக்கும் நேரத்தைப் படித்துப் பார்க்கும். அங்கே எல்லாம் 1970-லிருந்து ஓடும் விநாடிக் கணக்கு. சோதித்தபோது பிளாக்கின் நேரத்தோடு அறுபதைக் கூட்டிப் போட்டாள். ஒரு நிமிடத்தில் திறந்தது. உண்மையான தேதியை மட்டும் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிப் போட்டாள். அது ஒரு விநாடியை ஆயிரமாக உடைத்து எண்ணுவது. பூட்டு அதையும் விநாடியாகவே எடுத்துக்கொண்டது. அண்ணன் பேசிய பிறகுதான், எண்ணின் முடிவில் அதிகமாக நின்ற மூன்று சைபர்களை ரிஸானா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பத் தொறக்குமாம்?" என்றாள் உம்மா ஆமினாள், அரிசியில் கல் பொறுக்கியபடி.

"அம்பதாயிரம் வருசத்துக்கு மேல ஆவும் உம்மா."

உம்மா சிரித்தாள். "மறுமையில, மஹ்ஷர்ல ஒரு நாளே அம்பதாயிரம் வருசமாம்லா. அங்கன வச்சு வாங்கிக்கிடுவோம்." ரிஸானா சிரிக்கவில்லை. கல் பொறுக்கும் விரல்கள் நின்றன. "நீதான எழுதுன? அழிச்சு எழுதேன்ட்டி."

"முடியாது உம்மா. யாராலயும் முடியாது."

உம்மா அரிசியை மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

பணம் கட்ட முடியாமல் அந்த வருடம் உம்மாவின் இடம் வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த முறை பெயர் வரவில்லை. சித்தீக் தம்மாமிலேயே இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பேசுவான், அதைப் பற்றிப் பேசுவதில்லை. ரிஸானா அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். உம்மாவுக்கு முட்டிவலி கூடிவிட்டது. மேற்குச் சுவரைப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறாள்.