இடதுபக்க வாய்க்கால்

எங்கள் ஸ்நூக்கர் ஹாலில் என்னை ஜெயிக்க ஆளே கிடையாது என்று நான் சொன்னால், தயவுசெய்து சிரிக்காமல் கேளுங்கள். அது உண்மையாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. அதற்குக் காரணம் என் கையா, கிழிசல் துணியா என்பதில்தான் வீட்டிலும் வெளியிலும் கருத்து வேறுபாடு.

ஹால் என் மனைவியுடையது. அவள் அப்பா விட்டுப்போனது. ஒரு நீள அறை, ஒரே ஒரு மேசை, சுவரோரம் பெஞ்சுகள், மேசையின் அந்தக் கோடியில் ஆடுகிறவர்களுக்கு எதிர்முகமாக ஒரு கல்லா. கல்லாவில் அவள் உட்கார்ந்திருப்பாள். நான் மாடியில் பல் செட் கட்டுகிறவன். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்துவிட்டு, சாயங்காலம் கீழே இறங்கி வந்து என் வாயைத் திறப்பேன். ஹால் டீமுக்கு நான்தான் கேப்டன். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனுக்குக் கேப்டன் பதவியா என்று யாராவது இழுத்தால், மேசையில் வந்து பேசு என்பேன். வந்தவன் எவனும் பேசியதில்லை.

அந்த மேசையின் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கறுப்புப் பந்து உட்காருகிற இடத்தில் சின்னதாக ஒரு வழுக்கை. வெள்ளைப் பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்குகிற இடத்தில் குத்திக் குத்தி விழுந்த தழும்புகள். ஸ்டிக்கின் முனையில் தடவுகிற நீலச் சாக் தூள் வருஷக்கணக்கில் உதிர்ந்து ஊறி, பச்சைத் துணி என்பது பெயருக்கு மட்டும்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடுகிறவனின் இடதுகைப் பக்கம், கடைசிப் பாக்கெட்டை நோக்கி ஒரு தேய்ந்த கோடு. மெதுவாக உருட்டிய பந்து அதன் பக்கமாகப் போனால் போதும், கோட்டுக்குள் சரிந்து, சமர்த்துப் பிள்ளையாகப் பாக்கெட்டில் போய் விழும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வாய்க்கால். பந்தை வாய்க்காலில் இறக்க வேண்டுமானால் நேராகக் குறி வைக்கக் கூடாது, கொஞ்சம் வலது தள்ளி வைக்க வேண்டும். வெளியாட்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். என் மேதைமை மொத்தமும் அவ்வளவுதான்.

வேறு ஹால்களுக்குப் போனால் மட்டும் எங்கள் டீம் மண்ணைக் கவ்வும். திரும்பி வரும்போது, அவர்களுடைய மேசைதான் கோணல் என்று ஒருமனதாக முடிவெடுப்போம். எல்லா ஊர் மேசையும் எப்படிக் கோணலாக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள் வாய்க்கால் ஓட்டையாகிவிட்டது. நானே பந்து உருட்டி உருட்டித் தேய்த்த இடம், என் கண்ணெதிரே பொத்தலாகி, துணிக்கு அடியிலிருந்த கற்பலகை பல்லைக் காட்டியது. என் மனைவி துணி போடுகிறவரை வரவழைத்து, பழையதை உரித்துப் புதிதை இழுத்து ஆணியடித்துவிட்டாள். மேசை புல்தரை மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்து ஆஹா ஓஹோ என்றார்கள்.

புதுத் துணியில் நான் அடித்த முதல் பந்து பாக்கெட்டுக்கு வலதுபக்கம் மேசையோரக் குஷனில் மோதியது. இரண்டாவதும் அங்கேயே. அந்த வாரம் தபால்காரரிடம் தோற்றேன். தையல்காரரிடம் தோற்றேன். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து கட்டுப்போட்டிருந்த ஒருவரிடமும் தோற்றேன்.

"துணி கோணலாப் போட்டிருக்கான்" என்று ஒரே ரகளை செய்து, துணிக்காரரை மறுபடி வரவழைத்தேன். அவர் மேசையின் நாலு மூலையிலும் மட்டப் பலகை வைத்துப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேசை நேர்தான் சார். நீங்கதான் கொஞ்சம்..." என்று நிறுத்திக்கொண்டு, பலகையைப் பைக்குள் போட்டார்.

என் மூக்கு உடைந்ததை என் கண்முன்னாலேயே கொண்டாடியவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்திருக்கிறேன், பார்த்தால் நீங்களும் அதையே வைப்பீர்கள். வாய்க்கால் இருந்த காலத்தில் என்னிடம் தோற்றுத் தோற்று நொந்தவன்.

"என்ன மாமா, துணியோட சேத்து உங்க கையையும் உரிச்சிட்டாங்களா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஞாயித்துக்கெழமை வாடா. ஒரு ஃப்ரேம். நான் தோத்தா ஸ்டிக்கையும் கேப்டன் பதவியையும் உன்கிட்டக் குடுத்துட்டு, இந்த மேசைல இனி கையே வைக்க மாட்டேன்."

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றான் ஒட்டடைக்குச்சி. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார் தாமே நடுவராக இருப்பதாகச் சொன்னார். அவர் ஊர் ஹால்களுக்குள் போட்டி நடத்துகிற லீக்கின் ஆள். போன வருஷம் பக்கத்துத் தெரு ஹாலில் மேசையில் யாரோ கைவைத்தார்கள் என்று எழுதிப்போட்டு, அந்த ஹாலையே லீக்கிலிருந்து தூக்கியவர். இப்போது அங்கே மெத்தை விற்கிறார்கள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த ஹாலில் ஸ்டிக் இல்லாமல் நான் யார்? பல் செட்டுக்காரன். மாமனார் வீட்டில் சாப்பிடுகிறவன். ஸ்டிக்கைக் கையில் எடுத்து மேசை மேல் குனியும்போதுதான் நான் ஓர் ஆளாக இருந்தேன். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வீட்டில் எரிந்து விழுந்தேன். சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்து, மனைவியை உப்புக்காகத் தேடி அலையவிட்டேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஏங்க, ஒரு ஆட்டம்தானே" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? கல்லால உக்காந்து சில்லறை குடுக்கறவ." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியில், பல் செட் டெலிவரி என்று பொய் சொல்லிவிட்டு, தினமும் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹாலுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நேராகக் குறி வைக்கப் பழகினேன். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதல்லவா? இத்தனை வருஷம் வலதுபக்கம் தள்ளி அடித்த கைக்கு, நேர் என்பதே இடதுபக்கம் சாய்வது போலிருந்தது. கண்ணும் கையும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சனிக்கிழமை, கறுப்பை வரிசையாகப் போட்டேன். யோக்கியமாகப் போட்டேன். கண் கலங்கியது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் ஹால் நிரம்பி வழிந்தது. உள்ளே நுழைந்ததும் லேசாகக் கம்பளி தீய்ந்த வாடை அடித்தது. மேசைக்கென்றே ஒரு கனமான இஸ்திரிப் பெட்டி உண்டு. துணி தேய்த்திருப்பாள், மேட்ச் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் ஆரம்பித்ததும் ஒட்டடைக்குச்சியின் முகத்தில் ஈயாடவில்லை. நான் நேராக அடித்தேன், பந்துகள் நேராகப் போய் விழுந்தன. தபால்காரர் விசிலடித்தார். ஆனால் மேசையின் வலதுபக்கம் போன பந்துகள் மட்டும் என்னவோ செய்தன. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று குடிகாரன் வீட்டைத் தேடுவது மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். அவன் அடித்ததும் சாய்ந்தது, நான் அடித்ததும் சாய்ந்தது. முன்னே பின்னே இழுத்துக்கொண்டு, கடைசியில் இருவரும் சமமாக வந்து நின்றோம். மேசையில் கறுப்பு மட்டும் மிச்சம். அதைப் போடுகிறவனுக்கு ஆட்டம்.

என் முறை. கறுப்பு, போடு போடு என்று சொல்கிற இடத்தில் இருந்தது. குனிந்தேன், நேராகக் குறி வைத்து வெள்ளையை மெதுவாக உருட்டினேன். பாதி வழியில் வெள்ளை வலதுபக்கம் சரிந்தது. கறுப்பை ஒப்புக்குத் தொட்டுவிட்டு ஓரமாகப் போனது.

அப்போதுதான் குனிந்த நிலையிலேயே துணியைச் சாய்வாகப் பார்த்தேன். வலதுபக்கம், கடைசிப் பாக்கெட்டை நோக்கி, ஒரு பளபளப்பான கோடு. பளபளப்பு தெரியாமலிருக்க அதன் மேல் நீலச் சாக் தூள் பூசியிருந்தது. எவனும் ஸ்டிக்குக்குச் சாக் தடவாத இடத்தில் அவ்வளவு தூள். தலையைத் தூக்கினேன். எதிரே கல்லாவில் அவள். உள்ளங்கையெல்லாம் நீலம்.

எனக்காக வாய்க்கால் வெட்டியிருக்கிறாள்.

அதுவும் வலதுபக்கம். எப்படி என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவள் எதிர்க்கோடியில் உட்காருகிறவள். என் இடது அவளுக்கு வலது. ஆனால் ஸ்நூக்கர் துணியை அந்தக் கோடியிலிருந்து தேய்க்கக் கூடாது. இழைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஆட்டம் தொடங்குகிற கோடியிலிருந்துதான் இஸ்திரிப் பெட்டியைத் தள்ள வேண்டும், எதிர்த்திசையில் தள்ளினால் பூனையை வாலிலிருந்து தடவின மாதிரி சிலிர்த்துக்கொள்ளும். அவள் அப்பா சொல்லிக்கொடுத்த சட்டம், செத்தாலும் மீற மாட்டாள். அதனால் பெட்டியோடு என் பக்கம் வந்து நின்று, தன் வலதுகைப் பக்கமே தேய்த்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குள் ஒட்டடைக்குச்சி இடது பாக்கெட்டைப் பார்த்துக் கறுப்பை ஓங்கி அடித்தான். அது குஷனில் மோதி, இன்னொரு குஷனில் மோதி, களைத்துப்போய் வலதுபக்கம் வந்து, என் மனைவி வெட்டிய வாய்க்காலில் இறங்கி, சாவகாசமாக உருண்டு பாக்கெட்டில் விழுந்தது.

ஹால் அதிர்ந்தது. ஒட்டடைக்குச்சிக்கே நம்ப முடியவில்லை. வாயைப் பிளந்தபடி நின்றான்.

"கொஞ்சம் இருங்க" என்றார் கணக்கு வாத்தியார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேசை மேல் குனிந்தார். கோட்டில் விரலை ஓட்டி, நீலமான விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பந்து திரும்புச்சு, நானும் பாத்தேன். கேப்டன், இந்த மேசைல யாரோ கைவச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தோணுதா? தோணுதுன்னு சொல்லுங்க, ஆட்டத்தை ரத்து பண்ணிடறேன். லீக்குக்கு எழுதிப் போடறதை நான் பாத்துக்கறேன்."

ஒரு வார்த்தை போதும். ஸ்டிக் என்னிடமே இருக்கும், பதவி இருக்கும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, நேரான துணியில் இந்த ஒட்டடைக்குச்சியை வைத்துத் தரையைக் கூட்டியிருப்பேன். அது சத்தியம். கல்லாவைப் பார்த்தேன். அவள் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"புதுத் துணி சார்" என்றேன். "புதுத் துணின்னா அப்படி இப்படித்தான் இருக்கும். மேசை நேராத்தான் இருக்கு. என் கைதான் கோணல்."

என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அந்த ஹால் கேட்டதே இல்லை. தையல்காரர் எழுந்தே நின்றுவிட்டார். வாத்தியார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். நான் ஸ்டிக்கை மச்சினன் கையில் கொடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

"உங்க நல்லதுக்குத்தாங்க செஞ்சேன். எப்படி மாறிப்போச்சுன்னே தெரியல."

"நான் தினம் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு ஹாலுக்குப் போய் நேரா அடிக்கக் கத்துக்கிட்டேன்டி."

அழுகை சட்டென்று நின்றது. "அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? பெட்டியைத் தள்ளித் தள்ளி எனக்குக் கையே கழண்டு போச்சு!" என்று துணி துடைக்கிற பிரஷ்ஷால் என் முதுகில் ஒன்று வைத்தாள். மறுநாளே ஈரத்துணி போட்டு, ஆவி காட்டி, பிரஷ் போட்டு அந்தக் கோட்டை அழித்துவிட்டாள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் கீழே இறங்கினால் எனக்குப் போக்கிடம் இல்லை. கல்லாவில் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். முதல் தடவையாக ஆட்டத்தை அந்தக் கோடியிலிருந்து பார்க்கிறேன். அங்கிருந்து மேசை பெரிதாகத் தெரிவதில்லை, ஆடுகிறவன் மூஞ்சிதான் தெரிகிறது. ஒருநாள் புது கேப்டன் ஒட்டடைக்குச்சி குனிந்து, நாக்கை ஓரமாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, மூக்கைச் சுளித்துக் குறி பார்த்தான். சகிக்கவில்லை.

"நானும் இப்படித்தான் இருப்பேனா?"

"இதைவிட மோசம்."

"அது சரி, இத்தனை வருஷம் இங்கயே உக்காந்திருக்க. அந்தக் கோடு எந்தப் பக்கம்னுகூடவா உனக்குச் சரியாத் தெரியாது?"

"கோட்டை யாரு பாத்தா? பந்து நல்லா விழுந்தா, அது போன பக்கமாவே நீங்க சாஞ்சு சிரிப்பீங்க. இங்கேருந்து பாத்தா வலதுபக்கம். அதை வச்சுத்தான் தேச்சேன்."

"அப்ப மேசையைப் பாக்கவே இல்லையா நீ?"

யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"மேசையைப் பாக்கவா நான் இங்க உக்காந்திருந்தேன்?"